வேலை பார்ப்பதை எப்படிப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தொழில்களை அறிமுகப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகளைப் பணியிடங்களுக்கு அழைத்துச் செல்வது பற்றியும் தன்னார்வ வழிகாட்டிகளைப் பற்றியுமே கேட்கின்றன. ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அறுபது பேரை ஒரு பெரிய தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றோம். நிறுவனத்தார் மிக நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபின் கட்டுரை எழுதச் சொன்னால், பாதிப் பேர் அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டையும் ஊழியர் எண்ணிக்கையையும் எழுதுகிறார்கள். மீதிப் பேர் அங்கே கொடுத்த பையைப் பற்றியும் பேனாவைப் பற்றியும் எழுதுகிறார்கள். இந்த முயற்சியே வீண்தானா?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாணவர்கள் வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தார்களே தவிர, வேலையைப் பார்க்கவில்லை. 'அவர் என்ன வேலை பார்க்கிறார்?' என்று அன்றாடம் கேட்கிறோம். அந்தப் 'பார்க்கிறார்' என்ற சொல்லுக்குள் ஒருவருடைய கண்ணும் கவனமும் இருப்பதை மறந்துவிடுகிறோம். மாணவர்கள் காண வேண்டியது அந்தக் கவனத்தைத்தான். வரவேற்புக் கூடத்தில் அதைக் காண முடியாது. திரையில் ஓட்டிக் காட்டும் படத்திலும் காண முடியாது.

முதன்முதலாக மாணவர்களை அழைத்துச் சென்றபோது நானும் இதே தவற்றைச் செய்தேன். நாற்பது பேர், பம்பு தயாரிக்கும் ஆலை. குளிரூட்டிய அறையில் எழுபது நிமிடம் நிறுவனத்தின் வரலாறு, பிறகு மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாக வரிசையில் ஒரு சுற்று, இறுதியில் குழுப் புகைப்படம். வண்டியில் ஏறும்போது ஒரு பையனைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால், சோதனைப் பிரிவில் வயதான மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவர் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் உறைமீது ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரிங் தேயத் தொடங்கினால் ஓசை மாறும் என்றும், இரும்புக் கம்பி வழியாக அந்த மாற்றம் தெளிவாகக் காதுக்கு வந்து சேரும் என்றும் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல மோட்டார் ஒன்றிலும் பழுதான மோட்டார் ஒன்றிலும் அவனையே கேட்டுப் பார்க்கவும் வைத்திருக்கிறார். திரும்பும் வழியெல்லாம் அவன் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். மற்ற முப்பத்தொன்பது பேரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். (ஓடும் எந்திரத்தின் அருகே ஒரு பையன் தனியே போக நேர்ந்தது முழுக்க என் பிழை. அதைப் பற்றி வேறொரு கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.)

அதன்பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுவிடுமாறு நிறுவனத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒருவர் மேலாளராகவோ மக்கள் தொடர்பு அலுவலராகவோ இல்லாமல் இருந்தால் நல்லது. அறுபது பேரை ஒரே நாளில் அப்படிப் பார்க்கவைக்க இயலாதென்றால், நான்கு நாட்களாகவோ நான்கு வெவ்வேறு இடங்களாகவோ பிரித்துக்கொள்ளலாம்.

போவதற்கு முந்தைய வாரம் மாணவர்களே கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 'உங்கள் லட்சியம் என்ன?' போன்ற மேடைக் கேள்விகளை நான் அடித்துவிடுவேன். 'இன்று காலை வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?', 'இந்த வேலையில் எது அடிக்கடி தவறாகப் போகும், போனால் அது யாருக்கு முதலில் தெரியவரும்?', 'இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள்?' என்பன போன்ற கேள்விகளுக்குத்தான் மனிதர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். திரும்பி வந்தபின் கட்டுரை கேட்காதீர்கள். தாம் பார்த்த ஒரே ஒரு செயலை, அதைப் பார்த்திராத ஒருவருக்கு விளங்கும்படி பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். யார் வேலையைப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு பயணத்தின்மேல் எல்லா நம்பிக்கையையும் ஏற்றாதீர்கள். இங்கிலாந்துப் பள்ளிகளுக்காகக் கேட்ஸ்பி அறக்கட்டளை 2014-இல் வகுத்துக்கொடுத்த எட்டு அளவுகோல்களில் ஒன்று, 11 வயது முதல் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்கள் வேலை கொடுப்போரையோ வேலை செய்வோரையோ பொருளுள்ள வகையில் சந்திக்க வேண்டும் என்கிறது. 16 வயதுக்குள் ஒரு முறையும் 18 வயதுக்குள் இன்னொரு முறையும் பணியிட அனுபவம் வேண்டும் என்கிறது மற்றொன்று. பள்ளி நாட்களில் இத்தகைய சந்திப்புகள் நான்கோ அதற்கு மேலோ கிடைத்ததாக நினைவுகூர்ந்த இளைஞர்களிடையே, படிப்பும் இன்றி வேலையும் இன்றி இருப்போர் குறைவு என்று 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று கண்டது. நினைவை நம்பிய ஆய்வு அது என்பதால், காரணத்தையும் விளைவையும் அதிலிருந்து உறுதியாகப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு சந்திப்பு போதாது என்பதை என் அனுபவமும் ஒப்புக்கொள்கிறது.

கேள்வி: எந்த வயதில் தொடங்கலாம்? பள்ளி இறுதித் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொண்டால் போதாதா?
– இரு பிள்ளைகளின் தந்தை

பதில்: போதாது. அதற்குள் பிள்ளைகள் மனத்துக்குள் பல வேலைகளை அடித்துவிட்டிருப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆறு முதல் எட்டு வயதுக்குள் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் 'இது மதிப்பான வேலை, இது மதிப்பில்லாத வேலை' என்றும் பிள்ளைகள் தாமாகவே ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தமக்கு எதில் விருப்பம் என்ற கேள்வி அதற்கும் பின்னர்தான் வருகிறது. ஜெர்மனியில் பெண்பிள்ளைகளைத் தொழில்நுட்பப் பணியிடங்களுக்கு அழைத்துச் செல்லும் நாள் 2001 முதல் நடக்கிறது. அதில் ஐந்தாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். நான் 13 வயதை ஒட்டித் தொடங்குவேன்.

கேள்வி: பதினைந்து வயதாகும் என் மகள், மருத்துவர் ஆவேன் என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. வேறு வேலைகளைக் காட்டினால் அவளுடைய உறுதி கலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். காட்டாமல் விட்டால், பின்னாளில் ஏமாற்றம் அடைவாளோ என்றும் அஞ்சுகிறேன்.
– ஒரு தாய்

பதில்: உங்கள் மகள் தனியாள் அல்லள். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிட்டு அளக்கும் பிசா தேர்வு 2018-இல் நடந்தபோது, அதில் பங்கேற்ற 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. 41 நாடுகளின் விடைகளைத் தொகுத்துப் பார்த்த, அத்தேர்வை நடத்தும் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு, பெண்பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் ஆண்பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும் வெறும் பத்தே வேலைகளுக்குள் தம் விடையை அடக்கிவிட்டதாக 2020-இல் அறிவித்தது. ஆயிரக்கணக்கான தொழில்கள் உள்ள உலகில் பத்தே பெயர்கள் நினைவுக்கு வருகின்றன என்றால், அதைத் தேர்வு என்று சொல்வதற்கில்லை. தெரிந்தவை அவ்வளவுதான்.

ஆகவே உறுதி கலைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் மருத்துவரின் அறையோடு திரும்பிவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைக் கையாள்பவர், முடக்கம் ஏற்பட்டவரை மீண்டும் நடக்கப் பழக்கும் இயன்முறைச் சிகிச்சையாளர், வென்டிலேட்டரையும் ஸ்கேன் எந்திரத்தையும் பழுதுபார்க்கும் பொறியாளர், நோயாளிகளின் பதிவேடுகளை ஒழுங்குபடுத்துபவர் என ஒரே கூரையின்கீழ் பலர் இருக்கிறார்கள். நோயாளியிடம் பேசுவது பிடித்திருக்கிறதா, நோயைக் கண்டுபிடிப்பது பிடித்திருக்கிறதா, அல்லது வெள்ளை அங்கிக்குக் கிடைக்கும் மரியாதை பிடித்திருக்கிறதா என்பது அவளுக்கே அங்கே தெளிவாகலாம். மூன்றாவதும் இழிவானதல்ல, ஆனால் அது தெரிந்திருக்க வேண்டும். இரவுப்பணி முடித்துக் களைத்துப்போய் வெளியே வரும் இளம் மருத்துவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியபின்னும் அவள் அதையே விரும்பினால், அந்த விருப்பம் அதன்பின் அவளுடைய சொந்த விருப்பம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று சந்தித்தவர் சிடுசிடுப்பானவராக இருந்துவிட்டால், அந்தத் தொழிலே அப்படித்தான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். ஒரே துறையில் இரண்டு பேரையேனும் சந்திக்க வையுங்கள்.

கேள்வி: ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய லேத் பட்டறை என்னுடையது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாணவர்களை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற கூச்சம் ஒருபுறம். ஏதாவது ஆகிவிட்டால் சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் மறுபுறம்.
– பட்டறை உரிமையாளர்

பதில்: கூச்சத்தை விடுங்கள், பயத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆலையில் ஒரு மாணவன் ஒரு பொருளின் ஒரு முனையை மட்டுமே பார்ப்பான். உங்கள் பட்டறையில், வாடிக்கையாளர் உடைந்த பாகத்தோடு வந்து நிற்பதிலிருந்து, அளவெடுத்து, விலை பேசி, கடைந்து, சரிபார்த்துக் கொடுப்பது வரை அனைத்தையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பெரிய நிறுவனத்திலும் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, பார்ப்பதும் கற்பதும் வேறு, உழைப்பைப் பெறுவது வேறு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை (1973), ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குட்பட்டோரை அமர்த்தக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். எனவே மாணவர்கள் ஓடும் எந்திரத்தைத் தொடக் கூடாது. இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவது, பொட்டலம் கட்டுவது போன்ற கூலி வேலைகளையும் அவர்களிடம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பெயர் தொழில் அறிமுகம் அல்ல. பள்ளியிடமிருந்து பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும், வருவோர் பெயர்ப்பட்டியலையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தளர்ந்த சட்டைக்கை, கழுத்தில் தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல், திறந்த செருப்பு ஆகியவற்றோடு யாரையும் லேத்தின் அருகே விடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. எந்திரத்தை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தலையை எண்ணுங்கள். நான் எண்ணாமல் விட்டதன் விளைவை மேலே படித்திருப்பீர்கள்.

கையால் செய்ய ஏதேனும் வேண்டுமென்றால், எந்திரத்தை நிறுத்திவிட்டு, கடைந்து முடித்த தண்டு ஒன்றையும் வெர்னியர் காலிப்பரையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் அளந்தால் மூன்று அளவு வரும். ஏன் அப்படி என்று அவர்கள் தமக்குள் வாதாடும்போது, நீங்கள் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: பெற்றோருக்குச் செல்வாக்கு உள்ள பிள்ளைகள் தாமாகவே நல்ல நிறுவனங்களுக்குப் போய்வந்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அப்படி யாரையும் தெரியாது. என்ன செய்வது?
– தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: இந்தக் குறையை உலகம் முழுவதும் காணலாம். பிரான்சில் 14, 15 வயது மாணவர்கள் ஒரு வாரம் பணியிடத்தில் இருந்து கவனித்துவிட்டு வர வேண்டும் என்பது கட்டாயம். இடத்தைத் தேடிக்கொள்வது பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பாக இருப்பதால், அறிமுகம் உள்ளவர்கள் சட்ட அலுவலகத்துக்கும் செய்தி நிறுவனத்துக்கும் போக, மற்றவர்கள் அருகிலுள்ள கடையில் நின்றுவிட்டு வந்தார்கள். பின்தங்கிய பகுதிப் பள்ளிகளின் மாணவர்களுக்கென்று 30,000 இடங்களை ஒதுக்கும் திட்டத்தை 2018-இல் அரசே தொடங்க வேண்டியதாயிற்று. ஜப்பானின் ஹியோகோ மாகாணம் 1998-இல் தொடங்கிய திட்டம் வேறு வழியில் போனது: நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் ஐந்து நாட்கள் பணியிடங்களுக்குச் செல்கிறார்கள், எனவே அது யாருடைய சிபாரிசையும் நம்பியிருக்கவில்லை.

பள்ளி அளவில் உங்களால் முடிந்தது, இடம் தேடும் வேலையைப் பெற்றோரிடம் விடாமல் பள்ளியே ஏற்றுக்கொள்வதுதான். பழைய மாணவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். 'வந்து பேசுங்கள்' என்று கேட்டால் பாதிப் பேர் தயங்குவார்கள். 'நான்கு பிள்ளைகள் அரைநாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெற்றோருக்கு யாரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களே வேலை பார்ப்பவர்கள்தானே? மின்சாரம் பழுதுபார்ப்பவரும் தையல்காரரும் செவிலியும் உங்கள் பட்டியலில் ஏன் இல்லை?

கேள்வி: கணக்குத் தணிக்கையாளராக இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்குத் தன்னார்வ வழிகாட்டியாக இருக்க ஆசை. ஆனால் என் வேலையில் பிள்ளைகளைக் கவரும்படி எதுவும் இல்லை. என்னதான் பேசுவது?
– தணிக்கையாளர் ஒருவர்

பதில்: பேசுவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், அதுதான் தொடக்கத்திலேயே வரும் சறுக்கல். வாழ்க்கை வரலாறு, வெற்றிக்கான வழிகள், நேர மேலாண்மை என்று பேசத் தொடங்கும் வழிகாட்டிகள், இரண்டாவது சந்திப்பிலேயே பிள்ளைகளைக் கடிகாரம் பார்க்க வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் ஒரு மாணவியை முதன்முதலாகச் சந்தித்தபோது நான் உடனிருந்தேன். அவர் பேச்சை வளர்க்கவில்லை. பெயர்களை எல்லாம் மறைத்து நகலெடுத்த பழைய ரசீதுகள் இருபதை மேசையில் பரப்பி, 'இவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை, கண்டுபிடி' என்றார். அந்தப் பெண் முதலில் கூட்டல்களைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. தேதிகளைப் பார்த்தாள், அவையும் சரி. கால் மணி நேரம் கழித்து, ஒரே வியாபாரியிடமிருந்து மூன்று மாத காலத்தில் வந்த நான்கு ரசீதுகளின் எண்கள் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்தாள். 'அப்படியென்றால் இந்த மூன்று மாதமும் அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லையா?' என்று கேட்டாள். தணிக்கையாளர் சிரித்துக்கொண்டே, 'நானும் அதைத்தான் அவரிடம் கேட்டேன்' என்றார். சலிப்பூட்டும் வேலை என்று நீங்கள் சொல்வது அந்த மேசையில் துப்பறியும் கதையாகிவிட்டது. உங்களிடமும் அப்படி இருபது ரசீதுகள் இருக்கும். வாடிக்கையாளரின் இரகசியம் வெளிப்படாதபடி அவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தவறுகளையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எதிரே நிற்கும் பெரியவர்கள் எல்லாரும் பிழையே செய்யாதவர்களைப் போல நடந்துகொள்வதால், வேலை என்பது பிழை செய்யாதவர்களுக்கானது என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் நெளியாமல், தொடக்கத்தில் எவ்வளவு கிடைக்கும், எத்தனை ஆண்டில் எப்படி உயரும் என்று பொதுவாகச் சொல்லுங்கள். ஆனால் 'நீ இதைத்தான் படிக்க வேண்டும்' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தப் பொறுப்பு உங்களுடையதல்ல.

சந்திப்புகள் பள்ளியிலோ நூலகத்திலோ பிறர் பார்வைபடும் இடத்தில் நடக்கட்டும். செய்திப் பரிமாற்றம் பொறுப்பாசிரியருக்கும் தெரிந்த வழியில் மட்டுமே இருக்கட்டும். உங்கள் பின்னணியைப் பள்ளி விசாரித்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரிக்காத பள்ளியைத்தான் நீங்கள் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டு முழுவதும் வர இயலும் என்றால் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: பள்ளியின் ஏற்பாட்டில் எனக்குக் கட்டட வடிவமைப்பாளரான ஓர் அக்கா வழிகாட்டியாகக் கிடைத்தார். வாரம் ஒரு முறை சந்திப்போம். எங்கள் பள்ளி நூலகத்தை அளந்து வரைபடம் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா, அல்லது எனக்கு வரைய வராது என்று நினைத்துவிட்டாரா?
– பதினாறு வயது மாணவி

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். இப்படி நின்றுபோகும் வழிகாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் அவர்கள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. பணிமாற்றம், குடும்பத்தில் நோய், வேலைப்பளு என்று ஏதாவது ஒன்று வரும். ஓரிரு வாரம் வர முடியாமல் போகும். பிறகு முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிடுவார்கள். அது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம்தான். அதை மழுப்ப விரும்பவில்லை.

உங்களுக்கு ஏற்பட்ட வருத்தம் மிகையானதும் அல்ல. அமெரிக்காவில் பதின்வயதினரையும் தன்னார்வ வழிகாட்டிகளையும் இணைக்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகள் மிகுதியாகப் பயன் பெற்றார்கள், மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளைவிடத் தம்மைப் பற்றிய மதிப்பில் அவர்கள் பின்தங்கினார்கள். இதைப் பள்ளிகளின் பொறுப்பாளர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஐம்பது வழிகாட்டிகளைச் சேர்த்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதைவிட, பத்துப் பேரைச் சேர்த்து, இரு வாரத்துக்கு ஒரு முறை அவர்களைத் தொலைபேசியில் விசாரிப்பது மேல். விலக நேர்பவர் கடைசியாக ஒரு முறை நேரில் வந்து, காரணத்தைச் சொல்லி விடைபெற வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே அவர்களிடம் உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. முதலாவதாக, பொறுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த அக்காவைத் தொடர்புகொண்டு விசாரிக்கும் கடமை அவருடையது, உங்களுடையதல்ல. உங்களுக்கு மனம் வந்தால், அவர் மூலமாக நான்கு வரிக் கடிதம் ஒன்று கொடுத்தனுப்பலாம்: நூலகத்தை அளந்ததில் எதைக் கற்றுக்கொண்டீர்கள், வரைபடம் எதுவரை வந்திருக்கிறது என்று எழுதுங்கள், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

இரண்டாவதாக, வேறொரு வழிகாட்டியைக் கேட்டுப் பெறுங்கள். அவர் கட்டட வடிவமைப்பாளராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுமானப் பொறியாளராகவோ, மரவேலை செய்பவராகவோகூட இருக்கலாம். முதல் சந்திப்புக்குப் போகும்போது, பாதியில் நிற்கும் அந்த நூலக வரைபடத்தையும் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சுவர் வரை அளந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்பார்.